கேபிளும் வைஃபையும் ஒரே கணினியில்: எதற்கு முதலிடம்?

லேன் கேபிள் செருகியிருக்கிறது, வைஃபையும் இணைந்திருக்கிறது. கணினி இதில் எந்த வழியாக இணையத்துக்குப் போகிறது? ஏதாவது கோளாறு வரும்வரை யாரும் இதை யோசிப்பதில்லை. வீடியோ கால் பாதியில் உறைந்து நிற்கும், நேற்றுவரை வேலை செய்த பிரின்டர் காணாமல் போகும், 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியவருக்கு ஸ்பீடு டெஸ்டில் 94-க்கு மேல் ஏறாது. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "வைஃபையை ஆஃப் பண்ணிடுங்க." மேசைக் கணினிக்கு அது சரி. லேப்டாப்புக்கு அதைவிட நல்ல வழி உண்டு என்பது என் கட்சி.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து. விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டையும் அப்படியே விடுவது. வைஃபையை நிரந்தரமாக அணைப்பது. கேபிள் செருகினால் வைஃபை தானாக அணையும்படி செய்வது. இரண்டையும் வைத்துக்கொண்டு முன்னுரிமையை நாமே எழுதிக் கொடுப்பது. கேபிளே வேண்டாம் என்று கழற்றி வைப்பது. இவற்றை ஒப்பிடும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் ஈதர்நெட் (அதாவது கேபிள்), வைஃபை இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும். பெரிய கோப்பு ஒன்றை டவுன்லோடு போட்டுவிட்டு எந்தக் கோடு எகிறுகிறது என்று பாருங்கள். எகிறுவதுதான் நிஜமான வழி. திரையின் மூலையில் தெரியும் சின்னத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து, செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீடு, அதாவது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான இணைப்பின் வேகம், எவ்வளவு என்று பாருங்கள். 1000 என்று இருந்தால் நல்லது. 100 என்று இருந்தால் அந்த 94-க்கான காரணம் கிடைத்துவிட்டது: 100 எம்பிபிஎஸ் இணைப்பில், ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் ஒட்டிப் போகும் தலைப்புத் தகவல்கள் எல்லாம் போக மிச்சம் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். கேபிள் இழுத்த ஆள் கனெக்டரைக் கிரிம்ப் செய்தபோது (முனையில் அழுத்திப் பொருத்தியபோது) மற்ற நான்கில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் போயிருந்தால், இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும், நமக்கும் தெரியாது. இன்னொரு காரணம், இணையச் சேவைக்காரர் கொடுத்த பெட்டியின் லேன் போர்ட்டே 100-ஆக இருப்பது. மலிவான பெட்டிகளில் இது சாதாரணம். சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் 1000, மற்றவை 100 என்றும் இருக்கும். கேபிளை அடுத்த போர்ட்டில் மாற்றிச் செருகிப் பார்ப்பதற்குக் காசா பணமா?

அப்படியே விட்டால்

விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் மெட்ரிக் என்று ஓர் எண் போட்டு வைத்திருக்கிறது. எண் குறைவாக இருப்பதற்கு முதலிடம். தானாகப் போடும்போது லிங்க் ஸ்பீடைப் பார்த்துத்தான் போடும். விண்டோஸ் 7 காலத்தில் கேபிளுக்கும் வைஃபைக்கும் ஒரே அளவுகோல்: 100 எம்பிபிஎஸ் கேபிளுக்கு 20, 300 எம்பிபிஎஸ் வைஃபைக்கு 10. கேபிள் செருகியிருந்தும் எல்லாம் வைஃபை வழியாகவே போனதற்கு இதுதான் காரணம். விண்டோஸ் 10-லிருந்து கம்பியில்லா இணைப்புக்கு வேறு அட்டவணை வந்தது, கேபிளுக்குச் சலுகை கிடைத்தது. இப்போது 1000 எம்பிபிஎஸ் கேபிளுக்கு 25, 100 எம்பிபிஎஸ் கேபிளுக்கு 35.

ஆகவே கேபிள் 1000-இல் ஓடினால் அப்படியே விடுவதில் பெரிய கெடுதல் இல்லை. 100-இல் ஓடினால்தான் சிக்கல். வேகமான வைஃபையின் எண்ணும் அந்த 35-ஐ ஒட்டியே வரும், சிக்னல் கூடிக் குறையும்போது மாறவும் செய்யும். அப்போது எந்த வழி என்பது லேப்டாப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் போகும். ஒருநாள் நன்றாக இருந்து மறுநாள் சொதப்பும் வகைக் கோளாறுகளில் பல இதில் வருபவை.

ஒரே ரவுட்டருக்கு இரண்டு வழியாகவும் இணைந்திருப்பது தன்னளவில் மோதல் அல்ல. கணினிக்கு இரண்டு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும், அவ்வளவுதான். வேகம் கூட்டிக் கிடைக்காது. கிடைக்கும் என்று நம்பி இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஒன்றாகக் கோக்கும் 'பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்' போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இரண்டு முனையும் ஒரே ரவுட்டரில் முடிவதால் அது ஒரு வளையம், தகவல் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மாட்டிக்கொண்டால் வீட்டு நெட்வொர்க் முழுவதுமே தடுமாறும்.

நிஜமான மோதல் எங்கே

நம் வீடுகளில் பெட்டிகள் இரண்டாகிவிட்டன. ஃபைபர் இணைப்போடு சேவைக்காரர் தந்த பெட்டி ஒன்று, அதன் வைஃபை உள்ளறைக்கு எட்டவில்லை என்று நாமே வாங்கி மாட்டிய ரவுட்டர் இன்னொன்று. முதல் பெட்டி 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கிறது, இரண்டாவது 192.168.0 வரிசையில். கணினியின் கேபிள் முதல் பெட்டியில், பிரின்டர் இரண்டாவதின் வைஃபையில். வைஃபை இணைந்திருக்கும்வரை அச்சாகும். 'வைஃபையை ஆஃப் பண்ணுங்க' என்ற அறிவுரையைக் கேட்ட அடுத்த நிமிடம் பிரின்டர் மறைந்துவிடும். இரண்டு பெட்டிகளும் ஒரே 192.168.1 வரிசையைப் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். கணினி பிரின்டரைக் கேபிள் பக்கம் தேடும், பிரின்டரோ வைஃபை பக்கம் இருக்கும்.

இதற்கு மேலே சொன்ன ஐந்தில் எதுவுமே முழு மருந்தல்ல. நீங்கள் வாங்கிய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது தானே முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலைக்கு, மாற்றுங்கள். வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். மாற்ற வசதி இல்லாத மாடல் என்றால் கணினியின் கேபிளை அந்த ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கே கொண்டுபோங்கள்.

ஐபி முகவரியைக் கையால் எழுதிக் கொடுத்த வீடுகளில் இன்னொரு கூத்து. கேபிளுக்கும் வைஃபைக்கும் ஒரே முகவரியை எழுதிவிடுவது, அல்லது ரவுட்டர் தானாகப் பங்கிடும் எல்லைக்குள் ஒன்றை எடுத்துக்கொள்வது. அதே எண்ணை ரவுட்டர் யாருடைய போனுக்காவது கொடுக்கும். இரண்டில் ஒன்று தடுமாறும். முகவரி 169.254 என்று தொடங்கினால் அது மோதலே இல்லை. ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று கணினி தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கேபிளையோ போர்ட்டையோ பாருங்கள்.

வைஃபையை அணைப்பதா, தானாக அணையவிடுவதா

நகராத மேசைக் கணினி, நல்ல கேபிள், ஒரே நெட்வொர்க்: வைஃபையை அணைத்துவிடலாம், யோசிக்கவே வேண்டாம். ஏரோபிளேன் மோடு போட வேண்டாம், புளூடூத் மவுஸும் சேர்ந்து போய்விடும். வைஃபை பொத்தானை மட்டும் தட்டுங்கள். டிவியில் திரையைக் கம்பியில்லாமல் காட்டும் மிராகாஸ்ட் வசதிக்கு வைஃபை வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லேப்டாப்பில் இதே ஏற்பாடு கரண்ட் போனால் பல்லிளிக்கும். மோடம் சின்ன யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கும், நடுவில் அறைக்குள் கேபிளைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் செத்துப் போகும். கேபிள் போச்சு. வைஃபை காற்றில் தயாராக இருக்கிறது, ஆனால் நீங்கள் அதை அணைத்து வைத்திருக்கிறீர்கள். மீட்டிங்கில் இருக்கும்போது செட்டிங்ஸைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

தானாக அணைவதும் மீள்வதும் இதற்கு அடுத்த படி. எச்பி, டெல் நிறுவனங்களின் அலுவலக ரக லேப்டாப்புகளில் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) இந்த வசதி உண்டு. சில வைஃபை டிரைவர்களில் (வைஃபை சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும். விண்டோஸின் குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்புகளிலும் ஈதர்நெட் இருக்கும்போது வைஃபையைத் தடுக்கும் விருப்பம் இருக்கிறது, ஆனால் அந்த எடிட்டர் ஹோம் பதிப்பில் வராது. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை ஹோம்தான். லேப்டாப்பை டாக்கில் (கேபிள், திரை எல்லாம் இணைந்திருக்கும் தாங்கி) வைத்து எடுத்து வேலை செய்பவர்களுக்கு இது வசதி. குறை என்னவென்றால், பயாஸ் பார்ப்பது கேபிளில் உயிர் இருக்கிறதா என்பதை மட்டும்தான். அந்தக் கேபிளுக்கு அப்பால் இணையம் இருக்கிறதா என்பதை அது பார்க்காது. ஃபைபர் அறுந்து கிடக்கும், கேபிளில் விளக்கு எரியும், வைஃபையும் அணைந்தே இருக்கும்.

முன்னுரிமையை எழுதிக் கொடுப்பது

லேப்டாப்புக்கு நான் சொல்லும் வழி இது. கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய், ஈதர்நெட்டை ரைட் கிளிக் செய்து புராபர்ட்டீஸ். அதில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4-ஐத் தேர்ந்து மறுபடி புராபர்ட்டீஸ், அப்புறம் அட்வான்ஸ்டு. கீழே ஆட்டோமேட்டிக் மெட்ரிக் என்று டிக் போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு 10 என்று எழுதுங்கள். வைஃபைக்கும் இதேபோல் போய் 50 கொடுங்கள்.

இத்தோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது. அதே பட்டியலில் வெர்ஷன் 6 என்று, ஐபி முகவரியின் புதிய வடிவத்துக்கானதும் ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி மெட்ரிக். உங்கள் சேவையில் ஐபி வெர்ஷன் 6 இருந்தால், பெரிய தளங்களுக்கான போக்குவரத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் போகும். நான்கை மட்டும் மாற்றிவிட்டு ஆறை மறந்தால், மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும். இரண்டிலும் எழுதுங்கள்.

இனி கேபிள் இருக்கும்வரை கேபிள். அது போனால், ஏற்கெனவே இணைந்திருக்கும் வைஃபை உடனே எடுத்துக்கொள்ளும். நடந்துகொண்டிருக்கும் கால் ஒரு கணம் திணறலாம், ஆனால் நீங்கள் எதையும் தேட வேண்டியதில்லை. புதிதாக யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கினால் அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. ஃபைபர் அறுந்துவிட்டது, போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வைஃபையில் இணைக்கிறீர்கள். பெரும்பாலும் இணையம் வராது. கேபிளுக்கு எண் குறைவு, ரவுட்டரும் உயிரோடு இருப்பதால் விண்டோஸ் விடாப்பிடியாக அங்கேயே போய் முட்டும். கேபிளைப் பிடுங்கினால் போதும்.

அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்து பாதுகாப்பாக நுழைய விபிஎன் போடுபவர்களுக்கு ஒரு தகவல்: விண்டோஸ் 8-லிருந்து, தளங்களின் பெயரைத் தேடும் டிஎன்எஸ் கேள்விகளை விண்டோஸ் எல்லா இணைப்புகள் வழியாகவும் ஒரே நேரத்தில் அனுப்பும். மெட்ரிக் சரியாக இருந்தும் அலுவலகத் தளம் ஒரு நேரம் திறந்து ஒரு நேரம் மறுத்தால், விபிஎன் போடும் நேரத்துக்கு மட்டும் வைஃபையை அணைத்துப் பாருங்கள்.

கேபிளே வேண்டாம் என்றால்

கேபிள் 100-இல் மாட்டிக்கொண்டு, ரவுட்டர் அதே அறையில் இருந்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கிடைத்தால் டவுன்லோடில் வைஃபை ஜெயிக்கும். தயங்காமல் கழற்றலாம். ஆனால் கால், ஆன்லைன் விளையாட்டு என்றால் நான் அந்த 100-ஐத்தான் எடுப்பேன். வீடியோ காலுக்கு வேண்டியது சில எம்பிபிஎஸ்தான். அது சீராக வர வேண்டும், பக்கத்து வீட்டு வைஃபையோடு மல்லுக்கட்டக் கூடாது.

வைஃபையே கேபிளால் கெடுவதும் உண்டு, நம்புங்கள். யூஎஸ்பி 3 சாதனங்களிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கசியும் என்று இன்டெல் 2012-இல் ஓர் ஆவணமே வெளியிட்டது. யூஎஸ்பி லேன் அடாப்டரைச் செருகியதும் வைஃபை தள்ளாடினால், வயர்லெஸ் மவுஸ் திக்கினால், அடாப்டரை மறுபக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோங்கள்.

மேக்கில் இந்தத் தலைவலி குறைவு. நெட்வொர்க் செட்டிங்ஸில் செட் சர்வீஸ் ஆர்டர் என்று ஒரு பட்டியல் வரும், ஈதர்நெட்டை மேலே இழுத்து விட்டால் முடிந்தது. லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று போட்டே வைத்திருக்கிறது, தொட வேண்டியதில்லை.

விண்டோஸில் எல்லாம் செய்தும் குழப்பம் தீரவில்லை என்றால் நெட்வொர்க் ரீசெட் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தும் முன் வைஃபை பாஸ்வேர்டைக் குறித்து வையுங்கள். கையால் எழுதிய ஐபி முகவரி, மெட்ரிக் எல்லாம் அதில் போய்விடும், விபிஎன் மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டி வரலாம்.