ஆன் செய்த நொடியே பாடினால் அது 1951 ரேடியோ இல்லை

பழைய அமெரிக்க பிக்கப் வாங்கும் ஆசையில் இருப்பவர்களே, விற்பவர் டேஷ்போர்டைத் தட்டிக் காட்டி "ரேடியோ கம்பெனி ஒரிஜினல், இன்னும் பாடுது பாருங்க" என்று ஆரம்பித்தால், பர்ஸை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வண்டியில் நான் ஏமாறவில்லை. ரேடியோவில் மட்டும் 900 டாலர் ஏமாந்தேன்.

பென்சில்வேனியாவில் இருக்கிறோம். மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது 1947 முதல் 1955 ஆரம்பம் வரை வந்த அந்த உருண்டை முகத்து செவ்ரோலே 3100. பக்கத்து மாநிலத்தில் ஒரு பழுது பார்த்து விற்கும் கடை (பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்). நாலு மணி நேரம் ஓட்டிப் போனோம். வண்டி பற்றிக் குறை சொல்ல மாட்டேன். தகட்டில் உள்ள எண்ணில், தொழிற்சாலை எண்ணுக்கு அடுத்து ஜே.பி. என்று வருகிறது, 1951 இல்தான் கதவில் வந்த முக்கோணக் காற்று ஜன்னல் இருக்கிறது, கைப்பிடி அழுத்தும் பொத்தான் வகை இல்லாமல் பழைய மாதிரி திருப்பும் வகை. இதையெல்லாம் சரிபார்க்கத் தெரிந்த எனக்கு ரேடியோவைப் பார்க்கத் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை.

இதே மாதிரி இன்னொரு வண்டி ரேடியோ இல்லாமல் 900 டாலர் குறைவாக அங்கேயே நின்றது. வித்தியாசம் எதற்கு என்று கேட்டேன். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருந்த ரேடியோவாம், வண்டியை விட்டுப் பிரிந்ததே இல்லையாம், அந்தக் காலத்தில் இதைப் போட்டுக்கொண்டவர்கள் குறைவாம். செவ்ரோலே ட்ரக்குகளில் டேஷ்போர்டுக்குள்ளேயே ரேடியோ வந்தது 1947 இல் இந்த உடலமைப்பில்தான் முதல் முறை, அது எனக்கும் தெரியும், அதனால் அவர் சொன்ன மீதியையும் சேர்த்தே விழுங்கிவிட்டேன். குமிழைத் திருகினார். 'க்ளிக்'. உடனே, அதே நொடியில், ஒரு பழைய கன்ட்ரி பாட்டு. என் மனைவி கூட "நல்லா இருக்கே" என்றாள். நானும் உருகிப்போய் நின்றேன்.

அங்கேயே விழித்திருக்க வேண்டும்! எங்கள் ஊர் வீட்டில் மர்ஃபி வால்வு ரேடியோ (உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடானால்தான் பேசும் வகை) இருந்தது. திருகிவிட்டு அப்பா போய் முகம் கழுவிக்கொண்டு வருவார், அதற்குள் சூடாகிப் பேச ஆரம்பித்திருக்கும். "இது பேசறதுக்குள்ள செய்தியே முடிஞ்சிடும்" என்பார் அம்மா. அந்த வீட்டில் வளர்ந்தவன், 1951 ரேடியோ ஒரு நொடியில் பாடும்போது ஏன் சந்தேகப்படவில்லை என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

1951 இல் கார் ரேடியோ என்றால் வால்வு ரேடியோதான். ட்ரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தது 1947 கடைசியில், கையில் பிடிக்கும் ட்ரான்சிஸ்டர் ரேடியோ முதன்முதலில் கடைக்கு வந்ததே 1954 இல். வால்வுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும், வண்டியிலோ 6 வோல்ட் பேட்டரி. அதனால் உள்ளே வைப்ரேட்டர் என்று விரல் நீள உருளை ஒன்று இருக்கும். அதில் ஒரு மெல்லிய தகடு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, பேட்டரியின் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும், அங்கே வோல்ட் ஏறும். ஆக உண்மையான ரேடியோவை ஆன் செய்தால் முதலில் வருவது பாட்டு இல்லை, 'ம்ம்ம்' என்று வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். அப்புறம் பத்து இருபது நொடி மௌனம். அப்புறம் மெதுவாகச் சத்தம் எழும். இந்த மூன்றும் இல்லாமல் பாடினால் உள்ளே இருப்பது வேறு ஏதோ.

அது என்ன என்று கண்டுபிடித்தது என் பையன், பன்னிரண்டு வயது. வண்டி வந்து ஒரு மாதம் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்து குமிழை ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று வேகமாகத் திருகிக்கொண்டிருந்தான். திடீரென்று கண்ணாடி மாதிரி சுத்தமாக ஒரு எஃப்.எம். நிலையம்! டயலில் ஏ.எம். எண்கள் மட்டும்தான் எழுதியிருக்கிறது. "அப்பா, இது ரெண்டும் எடுக்குது" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அக்டோபரில் எங்கள் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் பழைய கார்க்காரர்களின் பெரிய சந்தை கூடும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரேடியோவைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். மேசை நிறைய டெல்கோ (செவ்ரோலே வண்டிகளில் வந்த ரேடியோவின் பிராண்ட்) ரேடியோ பரப்பி வைத்திருந்த ஒரு பெரியவர், எண்பதுக்கு மேல் இருக்கும், நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் டயலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மூடியைத் திறக்கவே இல்லை. வண்டி எந்த வருடம் என்றார், 1951 என்றேன், அப்படியென்றால் இது உன் வண்டியில் பிறந்தது இல்லை என்றார்.

அவர் விரல் வைத்த இடத்தை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். டயலில் 640 இருக்க வேண்டிய இடத்திலும் 1240 இருக்க வேண்டிய இடத்திலும் சின்னதாக ஒரு முக்கோணக் குறி. அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் கோனல்ராட் என்று ஒரு ஏற்பாடு. எதிரி விமானங்கள் வானொலி அலையைப் பிடித்துக்கொண்டே ஊரைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, ஆபத்து என்றால் மற்ற அலைவரிசைகள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும், 640 இலும் 1240 இலும் மட்டும் மக்களுக்கு அறிவிப்பு வரும். மக்கள் தடுமாறாமல் அங்கே திருகட்டும் என்று 1953 ஜனவரியிலிருந்து தயாரான ஏ.எம். ரேடியோக்களில் எல்லாம் அந்த இரண்டு குறியும் கட்டாயம். 1963 இல் ஏற்பாடே போனது, குறியும் போனது. ஆக, குறி இருக்கிற டயல் 1951 வண்டியோடு வந்திருக்க முடியாது. 1957 வண்டியின் டயலில் குறி இல்லை என்றாலும் அதே சந்தேகம்தான். டயலை மட்டும் யாராவது பின்னாளில் மாற்றியிருக்கலாமே என்று நான் வழக்கறிஞர் மாதிரி கேட்டேன். திற, பார்ப்போம் என்றார்.

திறந்தோம். வால்வு ஒன்றுகூட இல்லை. வால்வு சாக்கெட்டுகள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாக வெறும் ஓட்டை, ட்ரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருந்த இடத்தில் துருப்பிடித்த சதுரத் தடம், வைப்ரேட்டர் இருந்த மூலையில் தூசி. நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சை சர்க்யூட் போர்டு, இரண்டு திருகில். டயல் முள்ளை இழுக்கும் நூல் மட்டும் பழையது. எழுபது வருடப் பெட்டிக்குள் போன வருடத்துச் சரக்கு.

இப்படி மாற்றுவது தப்பே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டியில் பழைய தோற்றமும் வேண்டும், போனில் இருக்கிற பாட்டும் வேண்டும் என்பவர்கள் காசு கொடுத்தே செய்துகொள்கிறார்கள். அதை அப்படிச் சொல்லி விற்க வேண்டும். இன்னொன்று, என் வண்டியும் 12 வோல்ட்டுக்கு மாற்றியதுதான், வாங்கும்போதே சொன்னார்கள். 6 வோல்ட் ரேடியோ அதில் வேலை செய்ய வேண்டுமானால் வோல்ட்டைக் குறைக்கும் சாமான் ஒன்று வழியில் இருந்தாக வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ஒரு டார்ச் அடித்திருந்தால் ஃப்யூஸிலிருந்து சிவப்பு ஒயர் நேராக ரேடியோவுக்குப் போவது தெரிந்திருக்கும். குனியவில்லை. புது வேட்டி கட்டிய மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்தே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆன்டெனா துளையையும் பார்த்தேன். அந்தக் கால செவ்ரோலே ட்ரக்கின் வழக்கமான நிறம் ஃபாரஸ்ட் கிரீன். என் வண்டிக்கு இப்போது மெரூன் அடித்திருக்கிறார்கள், ஆனாலும் மற்ற துளைகளின் விளிம்பை நகத்தால் சுரண்டினால் மெரூனுக்கு அடியில் பச்சை எட்டிப் பார்க்கிறது. ஆன்டெனா துளையில் பச்சையும் இல்லை, மெரூனும் இல்லை. பளபளவென்று வெறும் இரும்பு, உள்பக்கம் விரலைக் கிழிக்கும் பிசிறு. பெயின்ட் காய்ந்த பிறகு யாரோ ட்ரில் போட்டிருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். "பெட்டி ஒரிஜினல்தானே சார்" என்கிற தொனியில் பதில். விளம்பரத்தில் தொழிற்சாலை ஒரிஜினல் என்று போட்டிருந்தீர்களே என்று பார்க்கப் போனால், அந்த வரி மாறியிருந்தது. நான் கையெழுத்துப் போட்ட ரசீதைத் தேடி எடுத்தேன். "ஒரிஜினல் ஸ்டைல் ரேடியோ". அந்த 'ஸ்டைல்' என்ற ஒரு வார்த்தைக்குத்தான் 900 டாலர். அதற்குக் கீழே, இருக்கிற நிலையிலேயே விற்பனை என்று வேறு. விளம்பரத்தை முதல் நாளே படமெடுத்து வைக்காதது என் முட்டாள்தனம். கடைசியில் 200 டாலர் தருகிறோம், நீங்கள் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்றார்கள். எடுக்கவில்லை.

காகிதம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். 1951 ட்ரக்குக்குக் காகிதம் கிடையாது. கதவுப் பக்கத் தகட்டில் எண்ணும் எடையும்தான், ரேடியோ பற்றி ஒரு எழுத்து இல்லை. போதாததற்கு அந்தக் காலத்தில் கம்பெனி சாமானையே டீலர் தன் கடையில் மாட்டிக் கொடுப்பது சகஜம். அதனால் அந்த வருடத்து வண்டிக்கு 'தொழிற்சாலையில் மாட்டியது' என்று யாராவது சத்தியம் செய்தாலே எச்சரிக்கையாகிவிடுங்கள், நேர்மையானவர்கள் 'அந்தக் காலத்துக்குச் சரியான ரேடியோ' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலே ட்ரக் என்றால் கதை வேறு, க்ளவ் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் என்னென்ன சேர்த்து வந்தது என்று குறியீடு இருக்கும். என் நண்பரின் 1969 வண்டியில் யு63 என்று இருக்கிறது, அது ஏ.எம். ரேடியோ. ஆனால் அந்தத் தாளையும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள், மற்ற எல்லாம் மங்கியிருக்கும்போது தாள் மட்டும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தால் யோசியுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். நான் வரும்வரை ரேடியோவைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆறிக் கிடக்கும் ரேடியோவை உங்கள் கையால் திருகி, வாயை மூடிக்கொண்டு எண்ணுங்கள். விற்பவர் அந்த நேரத்தில் பேச்சுக் கொடுப்பார், பதில் சொல்லாதீர்கள்.

ஹெர்ஷி பெரியவரிடமே 6 வோல்ட் வால்வு ரேடியோ ஒன்று, முக்கோணக் குறி இல்லாதது, பாடாத நிலையில் 140 டாலருக்கு வாங்கினேன். வைப்ரேட்டரும் சில கெப்பாசிட்டர்களும் மாற்றி, இப்போது கராஜ் மேசையில் ஒரு ட்ராக்டர் பேட்டரியோடு இணைத்து வைத்திருக்கிறேன், வண்டிக்குள் இன்னும் போகவில்லை. போன வாரம் முதல் முறை திருகினேன். ரீங்காரம். பதினெட்டு எண்ணினேன். பிறகு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல 1060 இல் ஃபிலடெல்ஃபியா செய்தி, போக்குவரத்து நெரிசல் அறிவிப்பு. மனைவி கதவருகே நின்று கேட்டாள்: "பாட்டு வராதா இதுல?"