பெட்டியில் 4.0, உள்ளே 3.0: ஒரு மதர்போர்டுடன் நான்கு ஆண்டுகள்

2021 கடைசியில், பெங்களூரில் அல்சூரிலிருந்து கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு மூன்று சனிக்கிழமைகள் அலைந்து இந்தக் கணினியைச் சேர்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டு விலை அப்போது கைக்கெட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கும் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி ப்ராசஸரை எடுத்தேன். கார்டு வாங்கும் காலத்தில் உதவட்டும் என்று பி550 மதர்போர்டு. கார்டும் ப்ராசஸரும் தரவு பரிமாறும் பாதைக்கு பிசிஐஇ என்று பெயர்; எண் ஏற ஏற வேகம் கூடும். பி450 போர்டுகள் பிசிஐஇ 3.0-வோடு நின்றுவிடும், இதன் பெட்டியில் 4.0 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கூடுதல் பணம் கொடுத்தது அந்த ஓர் எண்ணுக்காகத்தான்.

அடுத்த ஆண்டு விலை இறங்கியதும் 4 ஜிபி நினைவகமுள்ள சிறிய கார்டு ஒன்று வாங்கினேன். ஃப்ளைட் சிமுலேட்டர் எனக்கு உயிர். தேவனஹள்ளியில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குவேன். வானத்தில் எல்லாம் சீராகப் போகும். சென்னையின் கட்டடங்கள் தெரியத் தொடங்கியதும் படம் திக்கித் திக்கி நகரும். ஓடுபாதை நெருங்கும்போது அப்படியே உறையும். எட்டு மாதம் ரேமைச் சந்தேகித்தேன், விண்டோஸை இரண்டு முறை புதிதாக நிறுவினேன்.

கடைசியில் கணினி பழுதுபார்க்கும் பக்கத்துத் தெரு அண்ணன் ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளைத் திறக்கச் சொன்னார். கார்டு வேலையில்லாமல் இருக்கும்போது அது பிசிஐஇ எண்ணை 1.1 என்று காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். அதிலேயே உள்ள சோதனையை ஓடவிட்டுத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். ஓடவிட்டோம். தரவு ஓடும் தடங்கள் (லேன்) நான்கு, எண் 3.0.

“போர்டில் குற்றமில்லை தம்பி, ப்ராசஸரைப் பாருங்கள்” என்றார்.

கார்டைச் செருகும் முதல் ஸ்லாட்டின் தடங்கள் ப்ராசஸரிலிருந்து நேரே வருபவை. போர்டு அவற்றுக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். 5600ஜி தருவது 3.0 மட்டுமே. என் கார்டோ, நீளத்தில் பதினாறு தடக் கார்டு போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு தடங்கள்தான். 3.0-வில் ஒரு தடம் விநாடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி கடத்தும், 4.0-வில் 2 ஜிபி. ஆக எனக்குக் கிடைத்தது 8 அல்ல, 4. கார்டின் சொந்த நினைவகம் விநாடிக்கு 144 ஜிபி வேகத்தில் ஓடுகிறது. அந்த 4 ஜிபி நிரம்பும்வரை கவலையில்லை. நிரம்பி, மிச்சப் படங்களைக் கணினியின் ரேமிலிருந்து இழுக்கத் தொடங்கும்போதுதான் இந்தக் குறுகிய சந்து கழுத்தை நெரிக்கிறது. சென்னைக்கு மேலே நடந்தது அதுதான்.

5600ஜி-யை விற்றுவிட்டு 5600 வாங்கினேன். பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு, 4.0 வந்துவிட்டது. திக்கல் குறைந்தது. ஆனால் இதில் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகமும் இரு மடங்கு, 16 எம்பிக்கு 32. முன்னேற்றம் எதனால் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஸ்லாட்டை வேண்டுமென்றே 3.0-வுக்கு இறக்கி அதே பயணத்தை மறுபடி பறந்தேன். திக்கல் திரும்பி வந்தது. 4.0-வுக்கு ஏற்றினேன், பெரும்பாலும் மறைந்தது. அந்த இரவு அவ்வளவு நிறைவாக இருந்தது. ஒன்றை இழந்தேன்: 5600-இல் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டைக் கழற்றினால் திரையில் எதுவும் வராது.

இதைப் படித்துவிட்டுப் பழைய போர்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் அக்கா மகனிடம் பி450 போர்டும் ஆர்எக்ஸ் 6600 கார்டும் இருக்கின்றன. அது எட்டுத் தடம், 8 ஜிபி. 3.0-விலேயே அவனுடைய விளையாட்டுகள் தடங்கலின்றி ஓடுகின்றன; மாற்றாதே என்றுதான் சொன்னேன். ஆர்டிஎக்ஸ் 4060-உம் எட்டுத் தடக் கார்டுதான். தடம் குறைவு, நினைவகமும் குறைவு என்று இரண்டும் சேரும் இடத்தில்தான் 4.0 போர்டுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

இன்டெல் பக்கமும் இதே கதைதான். பி560 போர்டில் 10-ஆம் தலைமுறை ப்ராசஸரைப் பொருத்தினால் 3.0, 11-ஆம் தலைமுறை என்றால் 4.0. ஏஎம்டி-யின் ஏ520 போர்டிலோ எந்த ப்ராசஸரைப் போட்டாலும் 3.0தான். என் பி550-இல் கீழே இன்னொரு நீண்ட ஸ்லாட் இருக்கிறது. அது ப்ராசஸரிலிருந்து நேரே வராமல், போர்டிலுள்ள துணைச் சில்லான சிப்செட் வழியாக வரும் நான்கு தட 3.0. காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று கார்டை அங்கே மாற்றிவிடாதீர்கள்.

நான்கு ஆண்டுகளில் போர்டு ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. அடுத்த கார்டும் இதே போர்டில்தான் ஏறப்போகிறது, இந்த முறை எட்டுத் தடங்களோடு.