விமானத் துணி என்று நம்பி 48,500 ரூபாவை இழந்தேன்

மாதிரி விமானத்துக்குக் குறைந்த செலவில் துணி மாற்றுவது எப்படி என்று விளக்கமாக எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் ஆத்திரந்தான் முன்னே வருகிறது. 48,500 ரூபா போய்விட்டது.

கனடாவிலிருக்கும் மாமா தம் கையால் செய்து எனக்குத் தந்த, பைப்பர் கப் என்னும் சிறு விமானத்தின் மாதிரி அது. உண்மையான விமானத்தின் நாலிலொரு பங்கு, இறக்கை முனைக்கு முனை ஏறத்தாழ ஒன்பது அடி. அவர் போர்த்திய துணி எங்கள் விறாந்தை வெயிலில் நைந்து, விரல் பட்ட இடமெல்லாம் கிழிந்தது. 1947 வரை செய்யப்பட்ட உண்மையான கப் விமானங்களில் பருத்தித் துணியைப் போர்த்தி, டோப் என்னும் பூச்சால் இறுக்கினார்கள். இப்போது பொலியெஸ்டர் துணியைச் சட்டத்தில் ஒட்டி, சூடு காட்டிச் சுருக்கி இறுக்குகிறார்கள். ஆள் ஏறும் விமானங்களுக்கெனச் சான்று பெற்ற துணியின் கரையில் முத்திரை இருக்கும், முத்திரையில்லாதது மலிவு. பறந்து ஆளைச் சுமக்காத எனது விமானத்துக்கு மலிவானதே போதும் என்று தேடியபோதுதான், முகநூலில் பொழுதுபோக்குப் பொருட்கள் விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது.

பேசியவர் எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசினார். "அண்ணை, எங்கட ஆக்களுக்கு நான் பிழையான சாமான் குடுப்பனே?" என்று கேட்டு, கரையில் முத்திரை தெரியும் துணியைக் காணொளியாகவும் அனுப்பினார். முத்திரையுள்ள துணியை முத்திரையில்லாத விலைக்கு ஒருவர் ஏன் தருகிறார் என்று அந்த நிமிடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், பத்து மீற்றர் துணிக்கும் பசைக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் வங்கியில் போட்டேன்.

வந்த துணியில் முத்திரை இல்லை. ஒரு பக்க இறக்கையில் ஒட்டி, 120 பாகை செல்சியசில் தொடங்கிப் படிப்படியாகச் சூட்டைக் கூட்டி மின்னழுத்தியால் தேய்த்தும், அது நனைந்த சாரம் போலத் தொங்கியதேயன்றி இறுகவில்லை. சந்தேகத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பொலியெஸ்டராக இருந்தால் உருகிக் கறுத்த மணியாகத் திரண்டிருக்கும். இதுவோ கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாக உதிர்ந்தது.

முதல் நாள், "கூரியர்காரர் மாத்திப் போட்டாங்கள் போல, நாளைக்குப் பாக்கிறன்" என்றார். மூன்றாம் நாள், "உங்கட அயன்பொக்ஸ் சூடு காணாது அண்ணை" என்றார். மின்னழுத்தியின் சூட்டை வெப்பமானியால் அளந்து படமெடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு என் எண்ணைத் தடைசெய்துவிட்டார். 48,500 ரூபா, எனது ஒரு மாதச் சம்பளத்தின் பாதிக்கு மேல்.

இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது: முழுப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். முதலில் ஒரு சாண் துணி கேட்டு வாங்கி, நூலைக் கொளுத்திப் பாருங்கள். மிச்சத்தை ஒரு மரச்சட்டத்தில் ஒட்டித் தேய்த்துப் பாருங்கள். மின்னழுத்தியின் குமிழிலுள்ள எண்ணை நம்பாதீர்கள், 175 பாகைக்கு மேல் போனால் நல்ல துணியும் தளர்ந்துவிடும். பசை, பூச்சு பற்றியெல்லாம் பிறகு.

இன்று காலை நண்பரின் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே காணொளி, அதே முத்திரை. விலை மட்டும் 52,000 ஆகியிருந்தது.