பாங்காக்கா, கோலாலம்பூரா? மூன்று நாள் கையில் இருந்தால்

சென்னையிலிருந்து இரண்டு ஊருக்கும் விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். சனி, ஞாயிறோடு ஒரு நாள் விடுப்பு சேர்த்து எங்காவது போய்வரலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் முதலில் வருவது இந்த இரண்டு பெயர்கள். சிங்கப்பூரையும் யாராவது சொல்வார்கள், அறை வாடகையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக நடப்பீர்கள், வெயில் தாங்குவீர்கள், இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்து மலைக்க வேண்டும் என்றால் பாங்காக். வயதான அப்பா அம்மாவையோ சின்னக் குழந்தையையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால் கோலாலம்பூர். மூன்று நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விமான நிலையத்திலேயே ஒரு நாள் போய்விடும்.

இன்னொன்றும் இப்போதே சொல்ல வேண்டும். டிராவல்ஸ்காரர்கள் தரும் பேக்கேஜில் பாங்காக்கோடு பட்டாயாவும், கோலாலம்பூரோடு கெந்திங் மலையும் ஒட்டிக்கொண்டே வரும். இந்த இரண்டையும் தயங்காமல் வெட்டிவிடுங்கள். பட்டாயா சுமார் 150 கிலோமீட்டர், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கெந்திங் கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் மேலே இருப்பவை கேசினோ, விளையாட்டுப் பூங்கா, கடைகள், கொஞ்சம் குளிர். இவற்றுக்காக ஒரு முழுநாளைக் கொடுத்தால் நகரத்துக்கு மிஞ்சுவது ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் பேருந்து ஜன்னல் வழியாகவே போய்விடும். நம் ஆட்கள் எத்தனையோ பேர் பாங்காக் போய்வந்தும் ஆற்றில் ஒரு முறைகூடப் படகேறாமல் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால் பாங்காக் என்பதே அந்த ஆறுதான். சாலை நெரிசலைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள், புலம்பல் நியாயமானதே. ஆனால் பார்க்க வேண்டிய பழைய பகுதி பெரும்பாலும் சாவ் பிரயா ஆற்றை ஒட்டியே இருக்கிறது. ஸ்கைட்ரெயினில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் காலடியிலேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே நிற்பவர்கள் சுற்றுலாப் படகுக்குத்தான் சீட்டு நீட்டுவார்கள். ஆரஞ்சுக் கொடி கட்டிய சாதாரணப் படகு எது என்று கேட்டு ஏறுங்கள், சுமார் 16 பாட்தான். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு அது. துறைக்கு வந்தாலும் முழுதாக நிற்காது. பின்பக்கம் நிற்கும் பணியாள் விசில் ஊதி ஊதியே ஓட்டுநருக்குச் சொல்வார், படகு பின்வாங்கி, உரசி, ஒரு கணம் ஒட்டும். அதற்குள் இறங்குபவர் இறங்க வேண்டும், ஏறுபவர் ஏற வேண்டும். இளையவர்களுக்கு இது ஒரு குஷி. முட்டி வலி உள்ள அம்மாவுக்கு இது ஆகாது.

கோலாலம்பூரில் அந்தச் சிக்கல் இல்லை. கேஎல் சென்ட்ரல் என்ற ஒரே இடத்தில் விமான நிலைய ரயிலும் புறநகர் ரயிலும் எல்ஆர்டி என்ற நகர ரயிலும் கூடுகின்றன, மோனோரயில் பக்கத்து மால் வழியாக நடக்கும் தூரத்தில். விமான நிலையம் ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். சென்ட்ரலை ஒட்டியே பிரிக்பீல்ட்ஸ், அதாவது அந்த ஊர் லிட்டில் இந்தியா. அங்கே அறை எடுத்தால் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். குறை என்னவென்றால், பழைய பகுதியைத் தாண்டினால் நடப்பதற்கு ஏற்ற ஊர் இல்லை. கண்ணெதிரே தெரியும் கட்டடத்துக்குப் போகக்கூட நடுவில் ஒரு நெடுஞ்சாலை குறுக்கிடும். விதிவிலக்காக, இரட்டைக் கோபுரப் பகுதியிலிருந்து கடைவீதியான புக்கிட் பிந்தாங் வரை ஏசி போட்ட நடைபாலம் ஒன்று இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்கு மேல். மதிய வெயிலிலோ மழையிலோ பெரியவர்களை அதில் நிதானமாக நடத்திக் கூட்டிப் போகலாம்.

சரி, போய்ப் பார்ப்பது என்ன?

பாங்காக்கில் முதல் காலை அரண்மனைக்கு. 1782இல் முதலாம் ராமா தலைநகரை ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது தொடங்கிய வளாகம். காலை 8.30க்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் நெரியும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட், கொஞ்சம் அதிகம்தான். வளாகத்துக்குள் இருக்கும் கோயிலில் மரகத புத்தரைப் பார்த்துவிட்டுப் பலரும் அப்படியே வெளியே போய்விடுகிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றி ஓடும் பிரகாரத்தை விடாதீர்கள். தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன் 178 ஓவியங்களாகச் சுவர் முழுக்க விரிகிறது. கதை நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் இங்கே அனுமன் பிரம்மச்சாரி கிடையாது. சேதுவைக் கட்டவிடாமல் கல்லை இழுத்துப் போகும் மீன்கன்னி சுவண்ணமச்சாவை அவன் மணக்கிறான், அவள் ராவணனின் மகள். கம்பனைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தச் சுவருக்கு ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும்.

வழியில் யாராவது வந்து ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது, டுக்டுக்கில் வேறு இடம் காட்டுகிறேன்’ என்றால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். நகைக்கடைக்கும் தையல்கடைக்கும் ஆள் பிடிக்கும் பழைய தந்திரம் அது.

பக்கத்திலேயே வாட் போ, 46 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர். எல்லோரும் முகத்தைப் படம் எடுப்பார்கள், நீங்கள் பாதத்துக்கு வாருங்கள். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும், சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போவார்கள். மண்டபம் முழுக்க அந்த ‘டிங் டிங்’ ஓயாது. அங்கிருந்து தா தியன் துறைக்கு வந்தால் சில பாட் கொடுத்து அக்கரை போகலாம். அக்கரையில் வாட் அருண். தூரத்தில் வெள்ளைக் கோபுரம் மாதிரித் தெரியும். கிட்டே போனால்தான் தெரியும், அத்தனையும் சீனப் பீங்கான். தட்டு, கிண்ணம், சாசர் என்று உடைத்தும் முழுசாகவும் சுண்ணாம்பில் பதித்துப் பூவும் இலையுமாக ஆக்கியிருக்கிறார்கள். நடுவில் கிளிஞ்சலும் உண்டு. ஒரு பூவின் இதழ்கள் எல்லாம் ஏதோ ஒரு வீட்டின் நீலத் தட்டிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்துப் பார்ப்பதே ஒரு வேலை. மாலையில் மறுபடி இக்கரைக்கு வந்துவிடுங்கள். வாட் அருணின் முழு உருவமும் சூரியன் சாயும் நேரத்தில் எதிர்க்கரையிலிருந்துதான் தெரியும்.

நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே சிவப்பு வண்ணத்தில் மாபெரும் ஊஞ்சல் தூண்கள். அருகிலேயே அரசவைப் பிராமணர்களின் கோயிலான தேவஸ்தான். மார்கழியை ஒட்டி வரும் திரியம்பாவாய் சடங்கின்போது இந்தத் தூண்களில்தான் முன்பெல்லாம் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள். ஊஞ்சல் ஆட்டம் 1930களில் நின்றுபோனது. சடங்கு இன்றும் நடக்கிறது, அதில் திருவெம்பாவைப் பாடல்களை உச்சரிப்பு வெகுவாக மாறிய வடிவத்தில் ஓதுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒருவர் இந்தத் தெருவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் பிடிவாதம். சீலோம் பகுதியில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களும் சீனர்களும் மாலையும் கையுமாக அங்கே வரிசையில் நிற்பார்கள்.

கோலாலம்பூரில் இதற்கு எதிர்நிற்கும் ஒரே இடம் பத்துமலை. 1890களிலிருந்து அங்கே முருகன் வழிபாடு நடக்கிறது, தொடங்கிவைத்தவர் தம்புசாமிப் பிள்ளை. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006இல் வந்தது. 272 படிகளுக்கும் வானவில் மாதிரி வண்ணம் அடித்தது 2018இல். சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில் நேராகக் கோயில் வாசலுக்கே போகிறது, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். எட்டு மணிக்கு முன்பே படியேறிவிடுங்கள். பிறகு ஏறினால் வெயில், கூட்டம், குரங்கு மூன்றும் சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் குகை சட்டென்று குளிரும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். உள்ளே இன்னும் கொஞ்சம் படியேறினால் பாறை வாய் திறந்து வானம் தெரியும், அந்த வெளிச்சத்தடியில்தான் வள்ளி தெய்வானையோடு முருகன் சன்னதி. படியேற முடியாத பெரியவர்கள் கீழே சிலையையும் ராமாயணக் குகையையும் பார்த்து உட்கார்ந்திருக்கலாம்.

நகரத்துக்குள் ஒரு காலை போதும். இரண்டு ஆறுகள் கூடும் முனையில் 1909இல் கட்டிய மஸ்ஜித் ஜாமெக், பக்கத்தில் 1897இன் சுல்தான் அப்துல் சமாது கட்டடம், எதிரே 1957 ஆகஸ்ட் 31 சுதந்திரத்தின்போது கொடியேறிய மெர்டேக்கா சதுக்கம். அங்கிருந்து நடந்தே சென்ட்ரல் மார்க்கெட், பெட்டாலிங் தெரு, 1873இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயில். தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வெள்ளித்தேர் கிளம்புவது இந்தக் கோயிலிலிருந்துதான். மதியத்துக்கு இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். அமைதியான, குளுகுளுவென்ற இடம், உலகத்து மசூதிகளின் மாதிரிகள் ஒரு கூடம் முழுக்க இருக்கின்றன. இரட்டைக் கோபுரத்துக்கு மேலே ஏறத் திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாளுக்கும் முன்பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது கடினம். 452 மீட்டர் கோபுரத்தை இரவில் கீழே பூங்காவிலிருந்து அண்ணாந்து பார்ப்பதே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது, அதற்குக் காசும் இல்லை.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கோலாலம்பூர்தான், பேச்சே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, தெருவுக்குத் தெரு தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடை, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், ஆற்றி ஆற்றி நுரை கட்டும் தே தாரிக் டீ. ஆனால் மூன்று நாளும் சாம்பாரிலேயே கழிக்காதீர்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் ஒரு காலையாவது தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் ஒரு மதியமாவது நாசி கண்டாரும் சாப்பிட வேண்டும். நாசி கண்டார் பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடியாகச் சுமந்து விற்ற சோறு.

பாங்காக்கில் காய்கறி என்று சொல்லி வாங்கினாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளில் சைவம் கிடைக்கும், ‘ஜே’ என்று கேளுங்கள். எல்லாம் சாப்பிடுபவர்களுக்கு யாவரத் சீனத்தெருவின் இரவுக்கு ஈடாகக் கோலாலம்பூரின் ஜாலான் அலோரைச் சொல்ல மாட்டேன். ஜாலான் அலோர் இப்போது முழுக்கச் சுற்றுலாக்காரர்களின் தெரு. யாவரத்தில் ஊர்க்காரர்களே வரிசையில் நிற்கிறார்கள். திங்களன்று மட்டும் போகாதீர்கள், பல தள்ளுவண்டிகள் இருக்காது. சாத்துசாக் சந்தை சனி, ஞாயிறுதான். வார இறுதியில் போகிறவர்களுக்கு அது ஒரு வசதி.

பருவம் பார்த்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாங்காக் இதமாக இருக்கும், ஏப்ரல் கொளுத்தும். கோலாலம்பூரில் ஆண்டு முழுக்க ஒரே புழுக்கம், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும், அதனால் வெளி வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். விசா விதிகள் இரண்டு நாட்டிலும் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வருகை அட்டையை இரண்டு நாட்டுக்கும் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

நான்காவது நாள் கிடைத்தால், பாங்காக்கிலிருந்து ரயிலில் அயுத்தயா போங்கள். 1767இல் பர்மியப் படை அழித்த தலைநகரின் இடிபாடுகள், மர வேர்களுக்குள் சிக்கிய புத்தரின் தலை. கோலாலம்பூரிலிருந்து என்றால் மலாக்கா. டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம். மலாய் பேசிக்கொண்டே சைவ வழிபாட்டை விடாமல் காத்துவரும் மலாக்கா செட்டிகளின் ஊர் அது. அவர்களின் பொய்யாத விநாயகர் கோயில் 1781இலிருந்து இருக்கிறது, அதே தெருவில் மசூதியும் சீனக் கோயிலும். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரைதான், அதையும் பார்க்க வேண்டுமென்றால் அன்றிரவு மலாக்காவிலேயே தங்கிவிடுங்கள்.