சிவப்புக்கு மட்டும் 1.85 லட்சம்: டெஸ்லா மாடல் ஒய்யா, பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1-ஆ?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சான் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். டெஸ்லா மாடல் ஒய், அல்ட்ரா ரெட் நிறம். கூடவே ஒரு வரி: "மாப்ள, சிவப்பு பெயின்டுக்கு மட்டும் 1.85 லட்சமாம். அந்தக் காசுக்கு ஒரு ஐக்யூப் ஸ்கூட்டரே வாங்கிடலாம்."

அவனுடைய பட்டியலில் அப்போது மிஞ்சியிருந்தவை இரண்டு மின்கார்கள். ஒன்று இந்த மாடல் ஒய். மற்றொன்று பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ், அதாவது நீளம் கூட்டிய ஐஎக்ஸ்1. இரண்டையும் அலசி முடிக்க எங்களுக்கு நாலைந்து ராத்திரி ஆனது. கீழே வரும் விலைகள் எல்லாம் அறிமுக விலைகள், எக்ஸ்-ஷோரூம் (பதிவு, காப்பீடு சேராமல்).

ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ் 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு வந்தது. மாடல் ஒய் அதே ஆண்டு ஜூலையில் 59.89 லட்சத்துக்கு வந்தது. ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் ஓடும் லாங் ரேஞ்ச் வேண்டுமென்றால் 67.89 லட்சம். ஆக, அடிப்படை வண்டிக்கே கிட்டத்தட்ட 11 லட்சம் வித்தியாசம். இதை வைத்து டெஸ்லா பதினோரு லட்சம் உசத்தி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த இடைவெளியில் பெரும்பங்கு துறைமுகத்தில் கட்டுகிற சுங்கவரி. மாடல் ஒய் ஷாங்காயிலிருந்து முழுவண்டியாகக் கப்பலில் வருகிறது, வரி சுமார் 70 சதவீதம். ஐஎக்ஸ்1 செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் பாகங்களை இணைத்துச் செய்யப்படுவது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான்.

நம்பிக்கை வராவிட்டால் பிஎம்டபிள்யூவின் பழைய விலையையே பாருங்கள். 2023 செப்டம்பரில் இதே ஐஎக்ஸ்1 இறக்குமதியாக வந்தபோது 66.90 லட்சம். அதில் இரண்டு மோட்டார், 313 குதிரைத்திறன். இப்போது சென்னையில் செய்வது ஒரே மோட்டார், 204 குதிரைத்திறன். ஆனால் பின்சீட்டில் கால் நீட்ட இடம் கூடியிருக்கிறது, விலையோ 18 லட்சம் இறங்கியிருக்கிறது. மெர்சிடிஸில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2022 ஆகஸ்டில் இறக்குமதியான ஏஎம்ஜி இக்யூஎஸ் 53 வந்தது, 2.45 கோடி. அடுத்த மாதமே புனே அருகே சாகனில் இணைத்துச் செய்த இக்யூஎஸ் 580 வந்தது, 1.55 கோடி. அமெரிக்காவில் இந்த இரண்டு வண்டிக்கும் நடுவே இருந்த வித்தியாசம் கால்வாசிதான். இங்கே பாதிக்கு மேல்.

சரி, ஆப்ஷனுக்கு வருவோம். இங்கேதான் இரண்டு கம்பெனியும் வேறு வேறு குணம்.

ஐஎக்ஸ்1-இல் வேரியன்ட் ஒன்றே ஒன்றுதான். எம் ஸ்போர்ட், முடிந்தது. கண்ணாடிக் கூரை, சாய்கிற பின்சீட் எல்லாம் 49 லட்சத்துக்குள் அடக்கம். எதையும் கூட்டிக் கழிக்க வேலையில்லை. மச்சானுக்கு இது முதலில் சப்பென்று இருந்தது. "இவ்வளவு காசு கொடுத்தும் நமக்குன்னு ஒண்ணு தேர்ந்தெடுக்க முடியாதா?" என்றான்.

டெஸ்லாவில் பட்டியல் சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் காசு. ஸ்டெல்த் கிரே நிறம் மட்டும் சும்மா. வெள்ளை அல்லது கறுப்பு 95,000. நீலம் 1.25 லட்சம். சிவப்பு 1.85 லட்சம். உள்ளே வெள்ளை இருக்கை இன்னொரு 95,000. கடைசியாக ஃபுல் செல்ஃப் டிரைவிங், அதாவது வண்டி தன்னைத்தானே ஓட்டிக்கொள்வதற்கான மென்பொருள், 6 லட்சம். அன்று ராத்திரி மச்சான் லாங் ரேஞ்ச், சிவப்பு, வெள்ளை இருக்கை, செல்ஃப் டிரைவிங் என எல்லாவற்றையும் தட்டிவிட்டான். 76.69 லட்சம். 59.89-இல் தொடங்கிய ஆள்! நாலே தட்டில் ஒரு நல்ல பெட்ரோல் கார் விலை கூடிவிட்டது.

இதில் நான் கையைப் பிடித்துத் தடுத்தது அந்த 6 லட்சத்தைத்தான். வண்டி அறிமுகமானபோது அந்த வசதி நம் சாலைகளில் இயங்கும் நிலையில் இல்லை. பின்னால் வரப்போவதற்கு முன்பணம் கொடுப்பதுதான் அது. அவிநாசி ரோட்டில் எதிர்த்திசையில் வருகிற மொபெட்டை அந்தக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது தனிக் கதை. லேன் பிடித்து ஓடுகிற சாதாரண ஆட்டோபைலட் அப்போது எப்படியும் வண்டியோடே வந்தது. அதைவிட முக்கியம், மென்பொருளின் விலை நின்ற இடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவில் 2022 செப்டம்பரில் 15,000 டாலராக ஏற்றினார்கள். 2023-இல் 12,000. 2024 ஏப்ரலில் 8,000. மாதம் 99 டாலர் வாடகைக்கும் கொடுத்தார்கள். முந்திக்கொண்டு 15,000 கட்டியவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

மென்பொருளைப் பூட்டி விற்பது டெஸ்லாவுக்குப் புதிதல்ல. 2016-இல் விற்ற மாடல் எஸ் 60-க்குள் இருந்தது 75 கிலோவாட் அவர் பேட்டரி. மிச்சத்தைத் திறக்கத் தனிக் காசு. மறு ஆண்டு இர்மா புயல் வந்தபோது, ஃபுளோரிடா மக்கள் தப்பி ஓடுவதற்காக அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் தூரத்திலிருந்தே திறந்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பேட்டரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அன்றைக்குத் தெரிந்துபோனது. மெர்சிடிஸும் சளைத்ததல்ல. ஜெர்மனியில் இக்யூஎஸ் வண்டியின் பின்சக்கரம் 10 டிகிரி திரும்ப ஆண்டுக்கு 489 யூரோ சந்தா கேட்டது. கட்டாவிட்டால் 4.5 டிகிரிதான்.

அப்புறம் லாங் ரேஞ்சுக்கான அந்த 8 லட்சம். அறிமுகத்தின்போது அடிப்படை மாடல் ஒய்க்கு ஒரு ஃபுல் சார்ஜில் 500 கிலோமீட்டர், லாங் ரேஞ்சுக்கு 622 என்று சொன்னார்கள். கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறாயிரத்து ஐநூறு ரூபாய். வாரம் ஒருமுறை சென்னை போய்வருகிறவருக்கு நியாயமான செலவு. மச்சான் ஓடுவது பெரும்பாலும் திருப்பூர், கோவை, ஈரோடு. தேவையே இல்லை.

ஐஎக்ஸ்1-க்கு 531 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "பாரு, டெஸ்லாவைவிட ஜாஸ்தி" என்று குதித்தான். அங்கே ஒரு சின்ன வில்லங்கம். டெஸ்லா சொல்வது ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி சோதனைக் கணக்கு, பிஎம்டபிள்யூ சொல்வது இந்திய எம்ஐடிசி கணக்கு. இந்தியக் கணக்கு தாராளமானது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஓட்டிப் பார்த்தால் டெஸ்லாதான் கூடுதலாகப் போகும் என்பது என் கணிப்பு. வேகத்திலும் அதுதான் முன்னால்: நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.9 விநாடியில் தொடும், ஐஎக்ஸ்1-க்கு 8.6 விநாடி. டிரைவர் வைத்துப் பின்சீட்டில் உட்காருகிறவருக்கு அந்த விநாடிகள் எதற்கு என்றால், பதில் இல்லை.

எந்த வண்டியானாலும் பெரிய வீல் ஆப்ஷன் பக்கம் போக வேண்டாம். அமெரிக்காவின் லூசிட் ஏர் கிராண்ட் டூரிங் மின்காரின் 2022 மாடலில் 19 அங்குல வீல் போட்டால் 516 மைல், 21 அங்குலம் போட்டால் 469. அழகுக்காக 47 மைலைத் தாரை வார்க்க வேண்டும். பெரிய வீலுக்கு வரும் பக்கச்சுவர் குட்டையான டயரோடு நம் ஊர்க் குழியில் இறங்கினால் ரிம்மும் போகும்.

சுங்கவரியை விட்டுவிட்டால், மற்ற வரி விகிதங்களில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. இரண்டுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி), அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும். நாங்கள் கணக்குப் பார்த்தபோது தமிழ்நாட்டில் மின்வண்டிக்குச் சாலை வரி 2025 டிசம்பர் 31 வரை முழு விலக்காக இருந்தது. கர்நாடகத்தில் பதிந்தால் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்காருக்கு 10 சதவீதம் கட்ட வேண்டும், ஆகவே பெங்களூரு சித்தப்பா பெயரில் வாங்குகிற யோசனை ரத்து. கம்பெனி பெயரில் வாங்கினால் மின்காருக்கு 40 சதவீதத் தேய்மானம் எழுதலாம் என்று ஆடிட்டர் சொன்னார். அதில்தான் மச்சான் முகம் மலர்ந்தது.

இந்த இரண்டில் என் ஓட்டு ஐஎக்ஸ்1-க்கு. டெஸ்லா நல்ல வண்டி இல்லை என்பதால் அல்ல. அதை இங்கேயே செய்யும் நாள் வந்தால் நானே வரிசையில் நிற்பேன். 2025-இல் டெஸ்லா தொடங்கிய முதல் மையங்கள் மும்பையிலும் டெல்லியிலும்தான், பிஎம்டபிள்யூவுக்குக் கோவையிலேயே ஆள் இருக்கிறது. மச்சான் இன்னும் அந்தச் சிவப்பை மறக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை கோவையில் ஐஎக்ஸ்1 டெஸ்ட் டிரைவ் சொல்லிவைத்திருக்கிறான். முழங்கால் வலிக்காரியான அத்தையைப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பார்க்கப் போகிறானாம்.