மாத்திரையா, பேச்சு சிகிச்சையா: ஒரே வீட்டில் இரண்டு வழி

எனக்கும் என் தம்பிக்கும் ஒரே வருடத்தில் ஒரே நோயைச் சொன்னார்கள். பொதுவான பதற்ற நோய். நான் பேச்சு சிகிச்சைக்குப் போனேன், அவன் மாத்திரைக்குப் போனான். இரண்டு வருடம் ஆகிறது. மேலூரில் தெரிந்தவர்கள் யாராவது "மாத்திரையா, பேச்சா, எதுக்குப் போறது?" என்று கேட்டால் நான் பேச்சு சிகிச்சைப் பக்கம்தான் சாய்வேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது நோய் என்று தெரியவே எங்களுக்கு வெகுநாள் ஆனது. எனக்குத் தையல் கடை. கழுத்திலிருந்து தோள் வரை கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இறுக்கம். மிஷினில் குனிந்தே கிடந்தால் வராமல் என்ன செய்யும் என்றார்கள், நானும் நம்பினேன். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, தைலம் தேய்த்தாயிற்று. தீபாவளி முடிந்து நான்கு நாள் மிஷினைத் தொடவே இல்லை, தோள் அப்போதும் இறங்கவில்லை. தம்பி லாரி ஓட்டுகிறான். அவனுக்கு நெஞ்சுப் படபடப்பு. இரண்டு ஈசிஜி, ஒரு டிரெட்மில், எல்லாம் நார்மல். கேஸ் டிரபிள் என்று ஒன்றரை வருடம் பூண்டுப்பால் குடித்தான். அம்மா பாண்டி கோயிலில் கயிறு மந்திரித்து வந்து கட்டினார்.

மனநல மருத்துவர் கேட்டதே வேறு. ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்கள் கவலைதானா? ஒன்று தீர்ந்தால் அடுத்ததற்குத் தாவுகிறதா? நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறதா? கூடவே இருப்புக்கொள்ளாமை, சீக்கிரம் சோர்வது, கவனம் நிற்காதது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கெடுதல். இந்த ஆறில் குறைந்தது மூன்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எனக்கு ஐந்து இருந்தது. ஜிஏடி-7 என்று ஏழு கேள்வித் தாள் ஒன்று உண்டு. அதில் 21-க்கு எனக்கு 13, தம்பிக்கு 17. பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும், 15-லிருந்து கடுமை. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ரத்தமும் எடுத்தார்கள். அந்த 13, 17 வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் தீர்ப்பில் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

பணக்கணக்கு சட்டென்று முடிந்துவிடும். மாத்திரை மலிவு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே மாத்திரைக்குக் காசு இல்லை. எனக்கு ஓர் அமர்வுக்கு 800 ரூபாய், மொத்தம் 14 அமர்வு, ஒவ்வொன்றுக்கும் மாட்டுத்தாவணி போய்வர அரை நாள் கடை மூடல். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தம்பிக்குக் கொடுத்த எஸ்சிட்டலோபிராம் பிடிக்கச் சில வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் கூடுதல் படபடப்புமாக இருந்தான். எனக்கு ஐந்தாவது அமர்வு வரை ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மனநல மருத்துவரிடம் வருவதற்கு முன் தம்பிக்கு வேறொரு கிளினிக்கில் குளோனசெபாம் கொடுத்திருந்தார்கள். அது உடனே அடக்கும், அதனாலேயே பழக்கமாகும். இரண்டு மாதத்தில் அது இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு காலை கொட்டாம்பட்டிப் பக்கம் ஸ்டியரிங்கிலேயே கண் சொருகியிருக்கிறது. நான் ஒப்பிடுவது அந்த மாத்திரையை அல்ல. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் வகை வேறு, அவை அப்படிப் போதைப் பழக்கம் ஆவதில்லை.

சரி, அப்படியென்றால் நான் ஏன் இந்தப் பக்கம் சாய்கிறேன்? நிறுத்தும்போது என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான். தொடங்குவதை எல்லோரும் யோசிக்கிறோம், முடிப்பதை யாரும் கேட்பதில்லை.

மாத்திரையில் குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வருடம் தொடர வேண்டும். அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி மெதுவாகக் குறைக்க வேண்டும். தம்பி நான்காவது மாதமே "நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிட்டான். சித்திரைத் திருவிழா நேரம், வீடு முழுக்க ஆட்கள், யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் தலைசுற்றல். தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். ஒரு மாதத்தில் பழைய படபடப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி முதலிலிருந்து. தப்பு மாத்திரை மேல் இல்லை, அவன் விட்ட விதத்தில்தான். ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் சொன்னபடி மாத்திரையை முடிக்கிறார்கள்?

பேச்சு சிகிச்சை என்றால் ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். ஆறுதலே கிடையாது, வீட்டுப்பாடம்தான். சிபிடி என்கிறார்கள், நினைப்பையும் நடந்துகொள்வதையும் மாற்றப் பழக்குகிற முறை. ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போடச் சொன்னார் சிகிச்சை கொடுத்த அம்மா: என்ன பயம், எவ்வளவு நிச்சயம், கடைசியில் என்ன நடந்தது. பகலில் வருகிற கவலையை ஒரு வரி எழுதி மூடிவிட வேண்டும். சாயங்காலம் ஆறிலிருந்து ஆறு இருபது வரை மட்டும் அதை எடுத்துக் கவலைப்படலாம். ஆறு மணிக்குத் திறந்தால் பாதி வரிகளுக்கு நானே சிரித்திருக்கிறேன்.

கஷ்டமான பாடம் மகளுடையது. மதுரையில் கல்லூரி, தினமும் பஸ். வழியில் மூன்று முறை போன் செய்வேன், அவள் எடுத்தால்தான் மூச்சு வரும். அந்தப் போன்தான் பயத்துக்குத் தீனி என்றார். எடுத்தவுடன் நிம்மதி, அதனால் மறுநாள் இன்னும் சீக்கிரம் போன். வீடு வரும்வரை கூப்பிடக் கூடாது என்று ஒப்பந்தம். முதல் வாரம் என் வீட்டுக்காரர் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி வைத்தார். ஒருநாள் ஆறரைக்கு வர வேண்டியவள் ஏழே காலுக்கு வந்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் உள்வெளி மாற்றித் தைத்து வைத்திருந்தேன். ஆனால் டிரம்மைத் திறக்கவில்லை. வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே "பஸ் பஞ்சர்மா" என்றாள். நோட்டில் மூன்றாவது கட்டத்தில் 'பஞ்சர்' என்று எழுதினேன்.

அமர்வுகள் முடிந்து ஒன்றே கால் வருடம் ஆகிறது. கவலை போகவில்லை, ஆனால் வந்தால் என்ன செய்வது என்று கைக்குத் தெரியும். நிறுத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி ஓட்டைகள். என் 13-ஐ வைத்துக்கொண்டு 17-க்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. தம்பிக்கு அப்போது நோட்டில் ஒரு வரி எழுதவே கை நிற்கவில்லை. மாத்திரைதான் அவனை உட்கார வைத்தது. அவன் சொல்வதும் நியாயம்: "வியாழக்கிழமை எந்த ஊர்ல இருப்பேன்னு எனக்கே தெரியாதுக்கா, வாரா வாரம் எங்க போய் உக்கார்றது?" ஆராய்ச்சிகளிலும் இரண்டும் பலன் தருவதாகத்தான் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே எடுப்பவர்களும் உண்டு. தூக்கமே போய்விட்டால், வேலைக்குப் போக முடியாவிட்டால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று 2022-இல் தொடங்கிய அரசு எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தம்பி இந்த முறை ஒழுங்காக இருக்கிறான். பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்துக்கு இறக்கியிருக்கிறார்கள். போன வாரம் என் நோட்டை லாரிக்கு எடுத்துப் போய்விட்டான். முன்பக்கம் பூரா கஸ்டமர் அளவு இருக்கிறதடா என்றால், "அதை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புறேன்க்கா" என்கிறான்.