மதுரை டியூஷன் வாத்தியாருக்கு எது தோது: ஜூமா, கூகுள் மீட்டா?

வீடியோ வகுப்புச் செயலிகளில் புது வசதிகள் வந்தபடியே இருக்கின்றன. பெரும்பாதி, கம்பெனி மீட்டிங் நடத்துபவர்களுக்கானவை. கே.கே.நகரில் உட்கார்ந்துகொண்டு உசிலம்பட்டி, மேலூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கோ பாட்டோ சொல்லிக்கொடுப்பவருக்கு எது உதவும் என்று மட்டும் இங்கே பார்க்கலாம்.

இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடம்தான். மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். ஒரே ஒரு மாணவர் என்றால் மீட் 24 மணி நேரம் வரை விடும். ஜூமில் அதற்கும் 40 நிமிடமே. நேரத்தை மட்டும் பார்த்தால் மீட்தான். ஆனால் பாட்டு வாத்தியார்கள் அவசரப்பட வேண்டாம்.

இந்தச் செயலிகள் பேச்சுக் குரலுக்காகச் செய்யப்பட்டவை. விடாமல் ஒரே சீராக வரும் சத்தத்தை ஃபேன் இரைச்சல் என்று எண்ணி ஜூம் வெட்டிவிடும். தம்புராவும் விடாமல் ஒரே சீராகத்தானே ஒலிக்கிறது! குருவின் அறையில் சுருதி நிறைந்திருக்கும், மாணவரின் காதுக்கு எட்டாது. ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வை பாதியில் அறுந்துபோகும். இதற்கு ஜூமிலேயே மருந்து இருக்கிறது. செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே ‘ஹை ஃபிடிலிட்டி’யையும் டிக் செய்யுங்கள். வகுப்பு தொடங்கியதும் திரையின் மேலே தெரியும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ பட்டன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எதிரொலி நீக்கத்தை அணைத்தால் ஹெட்செட் கட்டாயம், அதுவும் வயர் உள்ளதாக. புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தினால் ஒலித்தரம் போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். இத்தனை செய்தாலும் சேர்ந்து பாடுவதோ, குரு தாளம் போட மாணவர் வாசிப்பதோ நடக்காது. இணையத் தாமதத்தை எந்தச் செட்டிங்கும் போக்காது. தாளத்தை மாணவரே போடட்டும், குரு மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கட்டும்.

கணக்கு வாத்தியாருக்குத் தாளும் பேனாவும் போதும். செல்போனை இரண்டாவது ஆளாக வகுப்பில் சேர்த்து, பின்பக்கக் கேமரா தாளைப் பார்க்கும்படி ஒன்றரை அடி உயரத்தில் ஸ்டாண்டில் மாட்டுங்கள். அந்தப் போனில் ஆடியோவையே இணைக்காதீர்கள். இணைத்தால் ஊளைச் சத்தம் காதைப் பிளக்கும். பிறகு ஜூமில் அந்தப் படத்தை ‘ஸ்பாட்லைட்’ செய்தால் எல்லார் திரையிலும் தாள் பெரிதாகத் தெரியும். முன்கேமராவில் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம், ‘மிரர்’ உங்கள் திரைக்கு மட்டும்தான்.

2021-ல் வந்த ‘ஃபோகஸ் மோட்’ பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே செய்தது போலிருக்கிறது. வாத்தியாருக்கு எல்லார் முகமும் தெரியும், பிள்ளைகளுக்கு வாத்தியாரும் தன் முகமும் மட்டும்தான். ஆனால் செயலியில் தேடினால் அகப்படாது. முதலில் ஜூம் இணையதளத்தில் உங்கள் கணக்கின் செட்டிங்ஸில் அதை ஆன் செய்ய வேண்டும்.

டேட்டாவுக்கு வருவோம். ஜூம் தரும் கணக்குப்படி ஒலிக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட், திரைப் பகிர்வுக்கு 50 முதல் 75. இரண்டும் சேர்ந்தாலும் மணிக்கு 70 எம்பியைத் தாண்டாது. நல்ல தரத்தில் ஒரு முகம் தெரிய 600 கிலோபிட் வேண்டும். மணிக்கு 270 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக்கை அண்ணனும் தங்கையும் பங்கு போடும் வீட்டில் இது பெரிய வித்தியாசம். அங்கே தாள்–கேமரா முறையும் வீடியோ கணக்கில்தான் சேரும். பிடிஎஃப்பைத் திறந்து திரையைப் பகிர்ந்து அதன் மேலேயே எழுதுங்கள்.

மீட்டில் யூடியூப் காட்டும்போது முழுத் திரையைப் பகிராமல் குரோம் டேபை மட்டும் பகிர்ந்து, டேப் ஆடியோவையும் டிக் செய்யுங்கள், இல்லையேல் ஊமைப்படம்தான். மீட்டோடு ஒட்டியிருந்த ஜாம்போர்டு என்ற எழுதுபலகைச் செயலியை 2024 டிசம்பர் 31-ல் கூகுள் மூடிவிட்டது.

இலவச மீட்டில் பதிவு செய்ய முடியாது. இலவச ஜூமில் முடியும், ஆனால் கணினியில் மட்டும். வகுப்பு முடிந்தபின் கோப்பு எம்பி4-ஆக மாறச் சற்று நேரமாகும். அந்நேரம் கரண்ட் போனால் ஃபோல்டரில் ‘டபுள் கிளிக் டு கன்வர்ட்’ என்ற கோப்பு கிடக்கும். அழித்துவிடாமல் ஜூம் உள்ள அதே கணினியில் இருமுறை கிளிக் செய்தால் மிச்ச வேலை நடக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் அணைந்துவிடும். 12 வோல்ட் மோடத்துக்கு அதே வோல்ட்டில் ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.